நீதிமன்றத்தில் முதலியார் நின்ற இடம்



போன கிழமை என்னிடம் படித்த பிள்ளை ஒருவர் விண்ணப்பப் படிவத்தோடு வீட்டுக்கு வந்தார். உயர்தரம் முடித்தவர். நீதிமன்ற உரைபெயர்ப்பாளர் பயிற்சிக்கு விண்ணப்பிக்க ஆசை. "வாப்பா வேணாண்டு செல்றாங்க சேர். கோட்டுல நிக்கிற வேல பொம்புளப் புள்ளக்கி சரிவராதாம்" என்றார். அந்த வாப்பாவுக்குச் சொல்ல நினைத்ததை உங்கள் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

ஆங்கிலேயர் காலத்தில் நீதிபதிக்கு ஒரு மொழி, சாட்சிக்கு வேறொரு மொழி. இருவருக்கும் நடுவில் நின்றவரை 'முதலியார்' என்றார்கள். அந்தப் பெயர் இன்றும் நம் நீதிமன்றங்களில் வழங்குகிறது.

அது சின்ன வேலையாக இருக்கவில்லை. ஆளுநரின் தமிழ் உரைபெயர்ப்பாளராக இருந்த ஆ. குமாரசுவாமி முதலியார்தான் 1835இல் சட்டநிரூபண சபைக்கு நியமிக்கப்பட்ட முதல் தமிழ்ப் பிரதிநிதி. அவருக்குப் பின் அந்த இடத்துக்கு வந்தவர் சைமன் காசிச்செட்டி. இவர் 1824இல் கற்பிட்டி நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராகத் தொடங்கியவர். பின்னாளில் சிலாபத்தில் மாவட்ட நீதிபதியானார். தமிழ்ப் புலவர்களின் வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதியவரும் அவரே.

பிறகு காலம் மாறியது. 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் சிங்களத்தை மட்டும் அரச கரும மொழியாக்கியது. 1961இல் நீதிமன்ற மொழிச் சட்டம் வந்தது. நீதிபதியின் ஆங்கிலம் புரியாமல் நின்ற தமிழ் பேசும் மனிதர், இப்போது சிங்களம் புரியாமல் நின்றார்.

1988இல் அரசியலமைப்பின் 16ஆவது திருத்தம் இதை ஓரளவு சரிசெய்தது. 24ஆவது உறுப்புரையின்படி சிங்களமும் தமிழும் நாடு முழுவதும் நீதிமன்ற மொழிகள். ஆனால் தமிழ் நிர்வாக மொழியாக உள்ள பகுதிகளைத் தவிர மற்ற இடங்களில் வழக்கு நடப்பது சிங்களத்தில். அந்த மொழி தெரியாதவருக்கு உரைபெயர்ப்பும் மொழிபெயர்ப்பும் பெற உரிமை உண்டு. அதை ஏற்பாடு செய்ய வேண்டியது அரசு. யாழ்ப்பாணத்தில் வழக்குக்கு வரும் சிங்களச் சகோதரருக்கும் இதே உரிமைதான்.

உரிமை புத்தகத்தில் இருக்கிறது. அதைச் செய்துகொடுக்க ஆள் வேண்டுமே! சில வருடங்களுக்கு முன் உறவினர் ஒருவரின் காணி வழக்குக்குத் துணைக்குப் போனேன். உரைபெயர்ப்பாளர் இல்லை, தவணை. அடுத்த முறையும் தவணை. மூன்றாம் முறை, கேள்வி விளங்காமலேயே அவர் "ஓம், ஓம்" என்று தலையாட்டினார். அந்த "ஓம்" பதிவாகிவிட்டது.

"நம்மட புள்ளைகளுக்கு ரெண்டு பாஷையும் தெரியுமே" என்று நாம் பெருமைப்படுகிறோம். கடைத்தெருச் சிங்களம் நீதிமன்றத்துக்குப் போதாது. 'சூதித்த' என்றால் குற்றஞ்சாட்டப்பட்டவர். 'வெரதிகரு' என்றால் குற்றவாளி. இதை மாற்றிச் சொன்னால் தீர்ப்புக்கு முன்பே ஒருவர் குற்றவாளி. அதேபோல, நம் சாட்சி "நானா வந்தாங்க" என்பார். அவருக்கு அது கூடப்பிறந்த மூத்தவர். சிங்களப் பேச்சில் 'நானா' என்றால் யாரோ ஒரு முஸ்லிம் ஆள். இந்த வித்தியாசம் நம் வீட்டில் வளர்ந்த பிள்ளைக்குத் தெரியும். சட்டச் சொல்லைப் பயிற்சி கொடுக்கும். இரண்டும் சேர்ந்தால்தான் நல்ல உரைபெயர்ப்பாளர்.

அந்தப் பிள்ளைக்கு நான் சொன்னது மூன்று விஷயம். வர்த்தமானியில் கேட்டிருக்கும் தகைமையை வரி விடாமல் வாசி. திறந்த நீதிமன்றத்தில் யாரும் போய் உட்காரலாம். ஒரு நாள் போய்க் கேள். பிணை, விளக்கமறியல், சத்தியக்கடதாசி என்று கேட்ட ஒவ்வொரு சொல்லையும் இரு மொழியிலும் ஒரு கொப்பியில் எழுது. சாட்சி சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்வதுதான் இந்தத் தொழிலின் அமானிதம்.

வாப்பாவிடமும் பேசினேன். "நாளைக்கு உங்கட தங்கச்சி அந்தக் கூண்டுல நின்டா, பக்கத்துல ஒரு பொம்புளப் புள்ள நின்டு அவங்கட பேச்ச எடுத்துச் சொன்னா எப்படியிருக்கும்?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "படிவத்தத் தாங்க சேர், பார்ப்போம்" என்றார்.

உங்கள் வீட்டிலும் இரு மொழி தெரிந்த பிள்ளை இருந்தால் இதைக் காட்டுங்கள். படிவம் நிரப்ப உதவி வேண்டுமென்றால் மஃரிபுக்குப் பிறகு வீட்டில்தான் இருப்பேன், இன்ஷா அல்லாஹ்.