செங்கற்பட்டுக் கோட்டையும் கொளவாய் ஏரியும்: நீரரண் நோக்கில் ஒரு மீள்வாசிப்பு

ஆய்வுச் சுருக்கம்

செங்கற்பட்டுக் கோட்டையின் வலிமை அதன் மதிலைக் காட்டிலும் அதனைச் சூழ்ந்திருந்த நீரிலேயே தங்கியிருந்தது என்பதனை 18ஆம் நூற்றாண்டுப் போர்ச்செய்திகளைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. அதன்வழி, கோட்டையின் மரபுரிமை எல்லைக்குள் ஏரியும் அடங்கும் என்னும் கருத்தை முன்வைக்கிறது.

திறவுச்சொற்கள்: செங்கற்பட்டு, கொளவாய் ஏரி, நீரரண், கிளைவ், ஓர்ம், சதுரங்கப்பட்டினம்

முன்னுரை

மாமல்லபுரக் கடற்கரையை அடுத்துள்ள ஐரோப்பியர் காலக் கோட்டைகளுள் இன்று பலரும் சென்று காண்பது சதுரங்கப்பட்டினத்து டச்சுக் கோட்டையாகும். இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள அக்கோட்டையின் செங்கல் மதிலும், உள்ளிருக்கும் கல்லறைகளில் செதுக்கப்பெற்ற டச்சு எழுத்துகளும் காண்போரை ஈர்ப்பன. எனினும் அது முதன்மையாக ஒரு வணிகக் கிடங்கே. துணி ஏற்றுமதிக்காக எழுந்த அவ்விடம் 1781இல் ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. 1795இல் மீண்டும் அவர் கைப்பட்டு, 1818இல் டச்சுக்காரருக்குத் திரும்பி, 1825இல் நிலையாக ஆங்கிலேயர் உடைமையாயிற்று. இம்மாற்றங்களுள் எதனையும் அதன் மதில் தடுத்ததில்லை. படையியல் நோக்கில் இப்பகுதியின் உண்மையான கோட்டை உள்நாட்டில், செங்கற்பட்டில் இருந்தது. அதனைப் பற்றிய பேச்சு மிகக் குறைவு.

ஓர்ம் கண்ட கோட்டை

இக்கோட்டை விசயநகர அரசர் காலத்தில், 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திம்மராசரால் கட்டப்பெற்றதாகக் கூறுவர். 1751இல் பிரெஞ்சுக்காரர் வசமாயிற்று. மறு ஆண்டு ராபர்ட் கிளைவ் புதிதாகச் சேர்க்கப்பெற்ற ஐந்நூறு சிப்பாய்களுடனும், கப்பலிலிருந்து அப்போதுதான் இறங்கியிருந்த இருநூறு ஐரோப்பியருடனும் முதலில் கோவளத்தைத் தாக்கினார். முதல் குண்டு விழுந்ததுமே அவருடைய வீரர் சிதறி ஓடினர். ஒருவர் சில மணி நேரத்துக்குப்பின் கிணற்றின் அடியிலிருந்து கண்டெடுக்கப்பட்டார் என்னும் செய்தியும் உண்டு. கிளைவின் புகழ் பாடும் நூல்களும் இதனை மறைக்கவில்லை. கோவளம் பணிந்தபின், செங்கற்பட்டிலிருந்து உதவிக்கு வந்த படையை மறைந்திருந்து முறியடித்து, ஓடியவர்களைக் கோட்டை வாயில்வரை துரத்திச் சென்றார் கிளைவ்.

இம்முற்றுகையைப் பதிவு செய்தவர் சென்னை ஆட்சிக்குழுவில் இடம்பெற்றிருந்த ராபர்ட் ஓர்ம். 1763இல் வெளிவந்த அவரது போர் வரலாற்றின் முதல் தொகுதி, கோட்டையின் அமைப்பை விரிவாகத் தருகிறது. தெற்குப்புறம் ஒழிய ஏனைய பக்கங்களை ஏரியும் நெல்வயற் சேறும் காத்தன. தெற்கே நிலம் மேடானது. எனவே அப்பக்கத்தில் மட்டும் அரண் வலுவாக்கப்பட்டிருந்தது. நீர் காத்த பக்கங்களில் அத்துணைக் கட்டுமானம் இல்லை. கிளைவின் பீரங்கிகளும் தெற்கையே தேர்ந்தன. மதிலில் பிளவு உண்டானதும் பிரெஞ்சுத் தளபதி உடன்படிக்கை செய்துகொண்டு வெளியேறினார்.

இடத்திற்கேற்ப அரணை அளவிட்ட இந்தத் திறம் ஓர்மை வியப்பில் ஆழ்த்தியது. இதனைக் கட்டியவர் தம் நாட்டார்க்கு இயல்பான அறிவெல்லையைக் கடந்தவராக இருக்க வேண்டும் என அவர் எழுதினார். பாராட்டும் இழிவும் ஒருங்கே அமைந்த கூற்று இது. திருக்குறளின் அரண் அதிகாரம் நீரையும் வெளிநிலத்தையும் மலையையும் காட்டையும் அரணின் உறுப்புகளாகவே எண்ணுகிறது. மதிலை மட்டும் கோட்டையெனக் கொண்ட ஐரோப்பியப் பார்வைக்கு விதிவிலக்காகத் தோன்றியது, தமிழ் மரபில் இலக்கணமாகவே இருந்தது. ஓர்மின் வியப்பு அவருடைய அறியாமைக்குச் சான்றே ஒழியக் கட்டியவரின் தனித்தன்மைக்குச் சான்றன்று.

போரில் கோட்டையின் பங்கு

1758 இறுதியில் சென்னையை முற்றுகையிட்ட லாலி, செங்கற்பட்டைக் கைப்பற்றாமலேயே முன்னேறினார். அப்பிழைக்கு அவர் பெரும் விலை கொடுத்தார். பிரஸ்டனும் யூசுப்கானும் (மருதநாயகம்) செங்கற்பட்டைத் தளமாகக் கொண்டு பிரெஞ்சுப் படையின் பின்புறத்தை ஓயாது அலைக்கழித்தனர். 1759 பிப்ரவரியில் முற்றுகை கைவிடப்பட்டது. 1780 செப்டம்பரில் பொள்ளிலூரில் பெய்லியின் படையை ஐதரலி அழித்தபின், காஞ்சிபுரத்திலிருந்த எக்டர் மன்றோ பின்வாங்கி வந்து சேர்ந்ததும் இங்கேதான்.

ஏரியும் மதிலும்

போர்க்காலம் முடிந்தபின் கோட்டை வளாகம் அரசு அலுவலகங்களுக்கும், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் சிறார் சீர்திருத்தப் பள்ளிக்கும் இடமாயிற்று. இருப்புப்பாதை ஏரிக்கரையை ஒட்டி வந்தது. பயன்பாடு தொடர்ந்ததால் கோட்டை பாழாகவில்லை. பாழாகாததால் அது நினைவுச்சின்னமாகவும் தோன்றவில்லை. மதுராந்தகம் ஏரிக்கு ஏரிகாத்த இராமரும் ஆட்சியர் லயனல் பிளேசும் கதையாக வாய்த்தனர். கொளவாய்க்கு அத்தகைய கதை எதுவும் பரவலாக வழங்கவில்லை.

சட்டமும் இவ்விரண்டையும் பிரித்தே காண்கிறது. தொல்லியல் சின்னங்களுக்கான சட்டத்தின் 2010ஆம் ஆண்டுத் திருத்தம் பாதுகாக்கப்பெற்ற சின்னத்தைச் சுற்றி 100 மீட்டரைத் தடை செய்யப்பட்ட பகுதியாகவும், அதற்கப்பால் 200 மீட்டரை ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதியாகவும் வகுக்கிறது. அளவுகோல் தூரமே, அத்தூரத்துள் இருப்பது வயலா, ஏரியா, மேடா என்பது பொருட்டன்று. ஏரிகளுக்கோ 2007ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றுதல் சட்டம் உண்டு. அது நீர்ப்பரப்பைப் பாசன உடைமையாகக் கருதுகிறது. ஓர் அரணின் இரு பாதிகள் இரு துறைகளின் கோப்புகளில் கிடக்கின்றன. ஏரியின் கரை சுருங்கினால் அதனைக் கோட்டையின் சிதைவாக எவரும் பதிவு செய்யப்போவதில்லை.

இவ்வாய்வைத் தொடர்வதற்குச் சான்றுகளும் உள்ளன. 1763இல் கும்பினிக்குச் சாகீராக வழங்கப்பெற்ற இந்நிலப்பகுதியை 1767 முதல் 1774 வரை தாமசு பர்னார்டு அளந்தார். அவ்வளவையின் கணக்குகளும் அவற்றோடு தொடர்புடைய ஓலைச்சுவடிகளும் தரம்பாலின் முயற்சியால் ஆய்வுலகின் கவனம் பெற்றன. இதுவரை அவற்றை வேளாண்மை, ஊராட்சி குறித்தே பெரிதும் பயன்படுத்தியுள்ளோம். கோட்டையைச் சூழ்ந்த ஊர்களின் ஏரி, நன்செய்ப் பதிவுகளை ஓர்மின் வருணனையோடு வைத்துப் படிப்பது அடுத்த பணி.