பிறர்பாற் சென்றார் பயின்ற பள்ளி

பழைய தென்னார்க்காட்டு ஜில்லாவில், வடலூருக்கு அணித்தே வடக்குத்து என்னும் ஊர் உளது. 1956ஆம் ஆண்டில் நெய்வேலி நிலக்கரிக் கழகம் நிறுவப்பெறுமுன், அப்பாங்கர் முந்திரியும் பலாவும் மணிலாக்கொட்டையும் விளையும் செம்மண் மேட்டு நிலமாகவே இருந்தது. சுரங்கத் தொழில் பெருகவே பல மாவட்டத்தாரும் பல மொழியினரும் வந்து குடியேறினர். சிவாலயஞ் செல்வாரும், பெருமாள் கோயில் செல்வாரும், மசூதி செல்வாரும், பற்பல கிறிஸ்தவ சபைகளுக்குச் செல்வாரும் இன்று அங்கே அண்டை வீட்டாராய் வாழ்கின்றனர். இத்தகைய ஊர்களில், பிற சமயத்தாரும் பிற குலத்தாரும் ஆகிய அயலாரிடஞ் சென்று தம் மதத்தைக் கூறுதற்குச் சபையாரைப் பழக்குதல் எங்ஙனம் என்பது கிறிஸ்தவர்க்குப் புதிய வினாவன்று. இவ்வூரிலிருந்து ஒருநாட் பயணத்துள் அடங்கும் கடற்கரை நிலத்திலேயே அவ்வினா முந்நூறாண்டாக ஆராயப்பட்டு வருகின்றது. அவ்வரலாறு சைவர்க்கும் உரியதே. அப்பயிற்சிக்கு ஆசிரியராய் அமர்ந்தவருட் பலர் சைவராதலின் என்க.

பிறரோடு வாதஞ் செய்வான் அவர் கொள்கையை அவர் கூறுமாறே அறிதல் வேண்டும் என்பது நம் சித்தாந்த நூலோர் கொண்ட முறை. அருணந்தி சிவாசாரியர் சிவஞான சித்தியாரிற் சுபக்கத்துக்கு முன்னே பரபக்கத்தை வைத்து, உலோகாயதம் முதலாகப் பதினான்கு மதத்தினர் கோட்பாட்டையும் முதற்கண் எடுத்தோதிப் பின்னரே மறுத்தார். மறுக்கப்படுவோன் தன் கொள்கையைத் தானே படித்தாலும் 'ஆம், இதுவே யான் கூறுவது' என்று ஒப்பும்படி அதனை எழுதுதல் எளிதன்று. மேனாட்டினின்றும் வந்த பாதிரிமார் இம்முறையை எத்துணையளவிற் கைக்கொண்டனர் என்பதைக் கொண்டே அவர்தம் பயிற்சியை அளத்தல் தகும்.

1606இல் மதுரை புக்க தத்துவ போதகர், காவியுடுத்துப் புலால் நீத்து, சிவதர்மர் என்னும் அந்தணரிடம் வடமொழி பயின்றமை பலரறிந்ததே. அவர் சபையார் பின்னர்ச் செய்ததொன்று சைவர் நோக்கற்பாலது. அந்தணச் சந்நியாசி கோலத்தில் இருப்பார் ஏனைக் குலத்தாரோடு கலத்தல் அரிதாகவே, 1640 முதலாகச் சிலரைப் பண்டார சுவாமிகள் என்னும் கோலத்தில் அனுப்பினர். நம் மடங்களிலுள்ள பண்டாரங்களின் வேடமே அது. ஒரே சபைக் குருமார் இருவர், இருவேறு குலத்தார்க்கென இருவேறு கோலம் பூண்டனர். நாட்டு வழக்கை அறிந்தமைக்கு இஃது அடையாளமேயாயினும், அவ்வழக்கின் சுவரைத் தம் சபைக்குள்ளும் எழுப்பியவாறாயிற்று.

தரங்கம்பாடியின் வரலாறு வேறு வகையது. 1706ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் சீகன்பால்கு ஐயரும் புளூச்சோ ஐயரும் ஆண்டுக் கரையிறங்கியபோது அவர்க்குத் தமிழ் ஓரெழுத்துந் தெரியாது. சீகன்பால்கு ஐயர் திண்ணைப் பள்ளி உபாத்தியாயர் ஒருவரை அமர்த்தி, சிறுவர்களோடு தாமும் மணலில் விரலால் எழுத்துப் பயின்றார். டேனியக் கம்பெனியாரிடம் துபாஷாயிருந்த அழகப்பர் என்பாரும் அவர்க்கு உதவினர். ஏடுகளைத் தேடித் தொகுத்து, தாம் படித்த தமிழ் நூல்கள் நூற்றுப்பத்தொன்பதுக்கு ஓர் அட்டவணையை 1708இல் எழுதி அனுப்பினார். வந்து இரண்டே ஆண்டு கழிந்த நிலையில் இது செய்யப்பட்டமை நினைக்கத்தக்கது. நம்மவருட் கற்றாரெனப்படுவோர் சிலரும் அத்துணை ஏடுகளைக் கையால் தொட்டிரார். சிவவாக்கியத்தை அவர் பெரிதும் பாராட்டினார். சடங்கை இகழ்ந்து ஒரு கடவுளையே வற்புறுத்தும் அதன் பாடல்கள் தம் பக்கத்துக்குத் துணையாகுமென்று கருதினார் போலும். தமக்கு வேண்டியதையே எடுத்துக்கொள்ளும் இக்குறை அவரிடம் இல்லையென்றல் ஒல்லாது.

ஆயினும் அவர் அதனோடு நின்றாரல்லர். 1712 முதல் 1714 வரை, அவரும் அவரோடு உழைத்த கிரூண்ட்லர் என்பவரும் ஊர்தோறுமுள்ள தமிழர்க்கு வினாக்கள் எழுதி விடுத்து, வந்த விடைகளைச் செருமானியத்திற் பெயர்த்து ஹாலே நகருக்கு அனுப்பினர். அங்ஙனம் அச்சேறியவை தொண்ணூற்றொன்பது கடிதங்கள். கடவுளியல்பு, வழிபாடு, மருத்துவம், ஒழுக்கம் எனப் பல பொருளும் அவற்றில் உள. கிறிஸ்து மதத்தைத் தமிழர் ஏற்கத் தயங்குதற்குக் காரணம் யாதென்ற வினாவுக்கு, ஐரோப்பியர் மாட்டூன் உண்ணுதலும், கள் மயக்கமும், தூய்மை பேணாமையும் காரணமெனத் தமிழர் ஒளியாது விடையிறுத்தனர். தம்மைக் குறித்த இவ்விகழ்ச்சியையும் மறையாது தம் நாட்டார்க்கு அனுப்பியது அம்மிஷனரிகளின் பெருந்தன்மை. பரதேசத்துக்குச் செல்லும் போதகனுக்கு இதனினுஞ் சிறந்த பாடநூல் யாது?

அனுப்பியோர் அதனை விரும்பினரோ எனின், முழுதும் இல்லை. 1713இல் சீகன்பால்கு ஐயர் தென்னாட்டுத் தெய்வங்களின் வரலாற்றை விரிவாக எழுதி ஹாலேக்கு விடுத்தார். ஆங்குத் தலைவராயிருந்த பிராங்கே என்பார், மிஷனரிகளை அனுப்பியது இந்தியாவிற் புறச்சமயத்தைக் களைதற்கேயன்றி அதனை ஐரோப்பாவிற் பரப்புதற்கன்று என்னுங் கருத்துடன் அதனை அச்சிடாது விடுத்தார். அந்நூல் நூற்றைம்பதாண்டு கட்டிலேயே கிடந்து, 1867இலேதான் சென்னையில் ஜெர்மான் என்பவரால் வெளியிடப்பட்டது. கற்கச் சென்றவன் கற்றதை அனுப்பினோன் அஞ்சுதல் எல்லாச் சபைகளிலும் உள்ளதே.

1716இல் தரங்கம்பாடியில் எட்டு மாணாக்கரைக் கொண்டு உபதேசியார்க்கென ஒரு பயிற்சிப் பள்ளி தொடங்கிற்று. அயல்நாட்டார் எத்துணைத் தமிழ் கற்பினும் ஊருக்குள் நுழைந்து பேசுதற்கு ஊராரே வேண்டும் என்பதை மிஷன் அதற்குள் உணர்ந்துவிட்டது. உபதேசியார் நாள்தோறும் எவ்வெவ்வூர் சென்றனர், யாரோடு பேசினர், அவர் யாது கேட்டனர், தாம் யாது கூறினர் என்பவற்றை எழுதிக் காட்டுவர். அக்குறிப்புக்களினின்றும் பல ஹாலே அறிக்கைகளிற் சேர்ந்தன. வழியிற் கண்ட பண்டாரம், சத்திரத்து அந்தணர், களத்துமேட்டு வேளாளர் இன்னோர் கேட்ட கேள்விகளே அப்பள்ளியின் மெய்யான பாடங்கள்.

இவ்வழியில் வந்தவருள் ஆரோன் என்பார் கடலூரினர். சைவப் பெற்றோர் இட்ட பெயர் ஆறுமுகம். அப்பர் சுவாமிகள் கரையேறிய திருப்பாதிரிப்புலியூரை அடுத்துப் பிறந்த இவர், 1718இல் ஞானஸ்நானம் பெற்று, உபதேசியாராய் உழைத்து, 1733ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் குருப்பட்டம் பெற்றார். சீர்திருத்தச் சபையில் இந்தியருள் அப்பட்டம் முதன்முதற் பெற்றவர் இவரே. 1745இல் இறந்தார்.

இவர் காலத்தில் தஞ்சை நாட்டில் இராசநாயகர் என்னும் ஓர் உபதேசியார் இருந்தார். தஞ்சைப் படையிற் சேர்வைக்காரராயிருந்து, தரங்கம்பாடியில் அச்சிட்ட வேதப் பகுதியைப் படித்து, தாம் பிறந்த கத்தோலிக்க சபையை நீத்து வந்தவர். ஊர் ஒதுக்கிய குலத்தினர். அடியுண்டும் இடர்ப்பட்டும் பல்லாண்டு உழைத்தார். ஆற்றலில் அவர்க்கு நிகராவார் அரியர். இரண்டாவது குருவை அமர்த்த வேண்டியபோது, இராசநாயகர் கையால் நற்கருணை வாங்க மேற்குலத்துக் கிறிஸ்தவர் இசையார் என்னுங் காரணத்தால், 1741இல் தியோகு என்பார்க்கே அப்பட்டம் அளிக்கப்பட்டது. இராசநாயகர் 1771இல் இறக்குங்காறும் உபதேசியாராகவே இருந்தார்.

பிற சமயத்தான் மனத்தை அறிதற்குப் பயிற்சி தந்த பள்ளி, தன் சபையுள் அடுத்த பாயிலிருப்பான் மனத்தை மாற்றுதற்குப் பயிற்சி தரவில்லை. இதனைக் கூறுமிடத்துச் சைவர் நகைத்தற்கு இடமில்லை. உமாபதி சிவாசாரியர் கொற்றவன்குடியில் பெற்றான் சாம்பானுக்கு முத்தியருளினார் என்பது நம் வரலாறு. அவ்வரலாற்றை ஓதுவார் பலர், பெற்றான் சாம்பான் குலத்தார் அவ்வாலயத்து வாயிலில் எத்துணைக் காலம் நின்றனர் என்பதை ஓதுதல் இல்லை.

செல்லுமுன்னரே மொழி கற்பித்தல் இதற்கிடையே வழக்காயிற்று. தமிழகத்தில் உழைத்து மீண்ட ஷூல்ட்சே என்பார் ஹாலேயில் தமிழ் வேதாகமம் அச்சிட முயன்றபோது, அச்சுப்பிழை நோக்குதற்பொருட்டு அவரிடம் தமிழ் பயின்ற இளைஞர் சுவார்ட்ஸ் ஐயர். அவர் 1750இல் கடலூரிற் கரையிறங்கினார்; தரங்கம்பாடி சென்று நான்கு திங்களிலேயே தமிழிற் பிரசங்கஞ் செய்தார். கடலூரில் 1737 முதல் ஆங்கிலச் சங்கத்தார் பொருளுதவியால் ஒரு மிஷன் நடந்தது. 1758இல் பிரெஞ்சுக்காரர் அந்நகரைக் கைப்பற்றவே, அங்கிருந்த கீர்நாந்தர் கல்கத்தா சென்றார்.

நூறாண்டு கழித்து இவ்வினா தென்னார்க்காட்டிலேயே மீண்டும் எழுந்தது. லைப்சிக் மிஷனின் தலைவர் கிரௌல் பெரும் புலவர்; 1849 முதல் 1853 வரை இந்நாட்டிற் சுற்றியவர்; திருக்குறளையும் கைவல்லிய நவநீதத்தையும் செருமானியத்திற் பெயர்த்தவர். தமிழ் நூல் கல்லாதவன் தமிழர்க்குப் போதகனாகான் என்பது அவர் துணிபு. ஆனால் சாதி வேற்றுமையைச் சபை உடனே களைதல் வேண்டா, அது நாட்டு வழக்கேயாம் என்றும் அவர் கொண்டார். அதே மிஷனைச் சார்ந்த ஓக்ஸ் என்பவர் இதற்கு உடன்படாது பிரிந்து, பண்ணுருட்டிக்கும் நெல்லிக்குப்பத்துக்கும் இடைப்பட்ட மேல்பட்டாம்பாக்கத்தில் 1860களின் தொடக்கத்தே தனியிடம் அமைத்தார். டேனிஷ் மிஷனார் அவர்க்குத் துணை நின்றனர். இன்று கடலூரைத் தலைமையிடமாகவுடைய ஆற்காடு லுத்தரன் திருச்சபை அதன்வழி வந்ததே. நாட்டின் நூல்களை நன்கறிந்தவர் நாட்டின் தீங்கையும் வழக்கென்று பொறுத்தார். தீங்கைப் பொறாதவர் தனித்துப் போந்தார். அறிவும் துணிவும் ஒருவரிடமே கூடியிருப்பின் இச்சபையின் வரலாறு வேறாயிருக்கும்.

ஈழத்து நிகழ்ந்தது சைவர் நன்கறிந்தது. அமெரிக்க மிஷனார் 1823இல் தொடங்கி 1855இல் மூடிய வட்டுக்கோட்டைக் கல்லூரியில் தமிழும் வானநூலும் ஆங்கிலமும் ஒருங்கு கற்பித்தனர். அதன் தலைவராயிருந்த ஹொய்சிங்டன், தத்துவக் கட்டளை, சிவஞானபோதம், சிவப்பிரகாசம் மூன்றையும் ஆங்கிலத்திற் பெயர்த்து 1854இல் அமெரிக்கக் கீழ்நாட்டுக் கழகத்தின் வெளியீட்டில் அச்சிட்டார். நல்லசாமிப் பிள்ளையவர்கள் மொழிபெயர்ப்பு வெளிவருதற்கு நாற்பதாண்டுக்கு முன்னரே சித்தாந்த சாத்திரம் கடல் கடந்தது இவர் வாயிலாகவே. அக்கல்லூரி மாணவர் சி. வை. தாமோதரம்பிள்ளை பின்னாளிற் சைவராகவே நின்று தொல்காப்பியமும் கலித்தொகையும் பதித்தார். பார்சிவல் பாதிரியாரோடு வேதாகமந் திருத்திய ஆறுமுக நாவலரவர்கள், அங்குக் கண்ட பிரசங்க முறையையும் பாடசாலை முறையையும் அச்சு முறையையும் மேற்கொண்டு, 1847ஆம் ஆண்டு இறுதியில் வண்ணார்பண்ணைச் சிவாலயத்திற் சைவப் பிரசங்கந் தொடங்கினார். 1848இல் ஆண்டே சைவப்பிரகாச வித்தியாசாலையும், 1864இல் சிதம்பரத்தில் மற்றொன்றும் நிறுவினார். பாதிரிமார் நம் திண்ணையில் அமர்ந்து கற்றனர். நாம் அவர் கூடத்தில் நின்று கற்றோம். யார் கடன் மிகுதியென்று கணக்கிடுதல் வீண்.

அப்பால் 1912இல் லைப்சிக் மிஷனைச் சார்ந்த ஷோமெரூஸ் சைவ சித்தாந்தத்தைக் குறித்துச் செருமானியத்தில் எழுதிய பெருநூல், பரபக்கம் எழுதும் முறைக்கு அருகே வருவது. மறுப்பு அதிலும் உளது. எனினும் திரித்துரைத்தல் அருகியே காணப்படும். 1927இல் தரங்கம்பாடியில் தொடங்கிய லுத்தரன் இறையியற் பள்ளி பின்னர்ச் சென்னைக் கீழ்ப்பாக்கத்துக்கு மாறிற்று. அதன் பெயர் 'குருகுலம்'. 1969இல் மதுரை அரசரடியில் அமைந்த இறையியற் கல்லூரி, மாணாக்கரைச் சில காலம் குடிசைப் பகுதிகளிலும் சிற்றூர்களிலும் தங்கிப் பயிலச் செய்கின்றது. இராசநாயகர் பிறந்த தெரு இன்று பாடத்தினுள் வந்துவிட்டது.

சீகன்பால்கு ஐயர் நூல் சென்னையில் அச்சேறிய 1867ஆம் ஆண்டிலேயே, மே மாதத்தில், வடக்குத்துக்கு அணித்தாய வடலூரில் இராமலிங்க அடிகள் தருமச்சாலை தொடங்கினார். அவர் பாடல்களைக் குறித்து நாவலரவர்கள் நிகழ்த்திய வழக்கைச் சைவர் மறந்தாரில்லை. அவ்வழக்கு ஒருபுறமிருக்க, வருவாரை எக்குலத்தர், எச்சமயத்தர் என வினவாது சோறிடும் அச்சாலை அடுப்பு இன்றுவரை அணையவில்லை. நெய்வேலிச் சுரங்கத்துக்குக் கூலிக்கு வந்தாரும், தேவாலயஞ் சென்று மீள்வாரும் ஆண்டு ஒரே பந்தியிலிருந்து உண்கின்றனர்.