பீங்கானை வாங்கினோம் – சீனத்தை அறிந்தோமா?

விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் ஒரு மாலை, சூளை ஆறிக்கொண்டிருந்த நேரத்தில், இளைஞர் ஒருவர் நம்மை ஒரு கேள்வி கேட்டார். கூழாகக் கரைத்த மண்ணைப் பாரிஸ் சாந்து அச்சில் ஊற்றிப் பொம்மைகளும் பியூஸ் கட்டைகளும் வார்த்தெடுக்கும் தொழிலாளி அவர். முழங்கை வரை வெள்ளை. "ஐயா, இந்த மண் நெய்வேலிப் பக்கத்து மண். வெட்டுகிறவன் நம் ஆள். கரைக்கிறவன் நம் ஆள். சுடுகிறவனும் நம் ஆள். இதற்குச் 'சீனாக் களிமண்' என்று பெயர் வைத்தது யார்?" என்றார்.

முதுகுன்றம் என்ற அழகு தமிழ்ப் பெயரை விருத்தாசலம் என்று மாற்றியவர் யாரென்று கேட்டால் உடனே விடை சொல்லியிருப்போம். இந்தக் கேள்விக்கு உடனே விடை வரவில்லை. வீடு திரும்பும் வழியெல்லாம் எண்ணிப் பார்த்தோம். மண் மட்டுமா? அடுப்படியில் சீனி. மளிகைக் கடையில் சீனாக் காரம். பலகாரம் பொரிப்பது சீனச்சட்டியில். திருவிழாவில் வெடிப்பது சீன வெடி. மணமகள் உடுத்தது ஒரு காலத்தில் சீனப் பட்டு. நாள்தோறும் பத்துமுறை நாவில் புரளும் ஒரு நாட்டின் பெயர்! அந்த நாட்டின் ஆறு எது, மலை எது, அங்கு வாழ்வோர் யார், உண்பது என்ன, பேசுவது என்ன என்று கேட்டுப் பாருங்கள், நம்மில் பெரும்பாலோர் வாய் மூடிக்கொள்கிறது.

இது இன்று நேற்று வந்த அறியாமை அன்று. நன்னூலுக்கு உரை வகுத்த மயிலைநாதர், தமிழ் வழங்கும் நிலத்துக்குப் புறத்தே உள்ள பதினேழு நாடுகளை அடுக்கிச் சொல்லும் பழைய செய்யுள் ஒன்றைக் காட்டுகிறார். சிங்களம், சாவகம், கடாரம் ஆகியவற்றோடு சீனமும் அதில் இருக்கிறது. இருப்பது பெயர் மட்டுமே! எத்திசை, எத்தனை நாள் வழி, எப்படிப்பட்ட மக்கள் – ஒரு சொல் இல்லை. அந்த வெற்றிடத்தைப் புராணிகர்கள் நிரப்பினார்கள். உப்புக்கடலை அடுத்துக் கருப்பஞ்சாற்றுக்கடல், பின் கள்ளுக்கடல், நெய்க்கடல், தயிர்க்கடல், பாற்கடல், நன்னீர்க்கடல், நடுவே மேருமலை! இதுவே கதாகாலட்சேபங்களில் நம் மக்களுக்கு ஊட்டப்பட்ட நில நூல். தயிர்க்கடலைக் கண்ட மாலுமி ஒருவனும் இல்லை. சீனக்கடலைக் கண்ட தமிழ் மாலுமிகளோ பலர் இருந்தனர். ஆனால் ஏட்டில் ஏறியது தயிர்க்கடல்தான்.

ஆம், தமிழர் சீனம் சென்றனர். 1015ஆம் ஆண்டில் சோழ நாட்டுத் தூதுக்குழு ஒன்று சொங் மரபுப் பேரரசரின் அவையை அடைந்தது. அனுப்பிய மன்னன் முதலாம் இராசராசன். வழியில் காற்றுக்குக் காத்திருந்தும் துறை துறையாகத் தங்கியும் 1,150 நாட்கள் கழிந்தன என்று கணக்குச் சொன்னார்கள். மூன்று ஆண்டுக்கும் மேற்பட்ட பயணம்! அவர்கள் முத்துக்களைக் காணிக்கையாகக் கொட்டிய அந்த நேரத்தில், அனுப்பிய மன்னன் உயிரோடு இல்லை என்பது அவர்களுக்கே தெரிந்திராது. 1033இல் இராசேந்திரன் தூது. 1077இல் இன்னொரு தூது: 72 பேர் சென்றார்கள், கொடுத்த பொருளுக்கு ஈடாக 81,800 கோவை செப்புக்காசு பெற்றுத் திரும்பினார்கள். கோவை என்பது நடுவில் துளையிட்ட காசுகளைக் கயிற்றில் கோத்த கட்டு. தூது என்ற பெயரில் நடந்தது நல்ல வணிகம்!

இத்தனை நுணுக்கமான செய்திகளைச் சோழர் கல்வெட்டில் படித்தோமா? செப்பேட்டில் படித்தோமா? பரணியில் படித்தோமா? இல்லை. அத்தனையும் சீனர் எழுதி வைத்த வரலாற்றேடுகளில் இருப்பவை. நம் பாட்டன் கடல் கடந்த கதையை அயலான் வீட்டுக் கணக்குப் புத்தகத்தில் தேடிப் படிக்கிறோம்.

நமக்கு எழுதத் தெரியாதா? தஞ்சைப் பெரிய கோயில் சுவரைப் பாருங்கள். ஒரு நந்தாவிளக்குக்கு 96 ஆடு என்று கணக்கு. கோயிலில் ஆடுவதற்குக் கொண்டுவரப்பட்ட தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேர். ஒவ்வொருத்தி பெயரும், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தாள் என்பதும், எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு என்பதும் கல்லில் உண்டு. பொன்னைக் கழஞ்சு, மஞ்சாடி, குன்றி வரை நிறுத்து வெட்டியிருக்கிறார்கள். நாகப்பட்டினத்துக் கோயில் கல்வெட்டு ஒன்றில், இராசேந்திரன் காலத்தில் கடாரத்து அரசன் சார்பில் வந்த 'சீனக் கனக'மே பதிவாகியுள்ளது. பொன்னை நிறுத்தார்கள், பொன் வந்த நாட்டை அளக்கவில்லை. நானூறு நாட்டியப் பெண்களின் வீட்டெண் தெரிகிறது. 1,150 நாள் கடலில் அலைந்தவன் கண்டது என்ன, உண்டது என்ன, யாரோடு எம்மொழியில் பேசினான் என்பது தெரியவில்லை.

'ஓலையில் எழுதியிருப்பார்கள், செல்லரித்துப் போயிருக்கும்' என்று அறிஞர் சிலர் ஆறுதல் சொல்லக்கூடும். இருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் எல்லா ஓலையையும் செல் அரிக்கத்தான் செய்தது. எதைக் காக்கவேண்டும் என்று எழுத்தறிந்தார் கருதினார்களோ அதைத் தலைமுறைதோறும் படியெடுத்தார்கள். தலபுராணத்துக்குக் கிடைத்த படி, மாலுமியின் வழிக்குறிப்புக்குக் கிடைக்கவில்லை. கடல் தாண்டினால் சாதி போகும் என்று போதாயன தரும சூத்திரம் விதித்த நாட்டில், கடல் தாண்டியவன் சொல்லை ஏட்டில் ஏற்றுவார் எவர்? போனவன் வணிகன், எழுத்தாணி பிடித்தவன் வேறொருவன், இருவரும் ஒரு திண்ணையில் உட்கார்ந்து பேசவில்லை.

அங்கே எப்படி? யுவான் சுவாங் ஏறத்தாழ 640இல் காஞ்சிக்கு வந்தார். வந்தவர் புத்தர் சிலையை மட்டும் வணங்கிப் போகவில்லை. நகரின் சுற்றளவு 30 லீ, நிலம் வளமானது, வெப்பம் மிகுதி, மக்கள் துணிவுடையோர், கல்வியை மதிப்போர், நூற்றுக்கு மேற்பட்ட பௌத்தப் பள்ளிகள், பதினாயிரம் துறவிகள் என்று வரிசையாகக் குறித்தார். இங்குள்ள மொழி நடு இந்திய மொழியினின்று சிறிதே வேறுபட்டது என்றும் எழுதிவிட்டார். தவறு! மடங்களில் வடமொழியும் பாலியும் கேட்டவர், தெருவுக்கு வந்து தமிழைக் கேட்கவில்லை போலும். ஆனாலும் எழுதினார், எழுதியதால்தான் தவறென்று நாம் இன்று சுட்ட முடிகிறது.

இன்னொருவர் சாவோ ருகுவா. சுவான்சௌ துறைமுகத்தில் கடல் வணிகத்தைக் கண்காணித்த அதிகாரி. அவர் சோழ நாட்டை மிதித்ததே இல்லை. துறைக்கு வந்த அயல்நாட்டு வணிகர்களைக் கேட்டுக் கேட்டு, 1225இல் நாடுகளைப் பற்றிய நூலொன்றைத் தொகுத்தார். அதில் சோழ நாட்டுக்கு ஒரு பகுதி உண்டு. அரசுக்கு 60,000 போர் யானைகள் என்கிறார். சொன்ன வணிகன் ஒரு சுழியைச் சேர்த்துச் சொன்னான் என்றே நாம் ஐயுறுகிறோம். வரிகள் பலவாக இருப்பதால் வணிகர் அங்குப் போவது குறைவு என்றும் எழுதியிருக்கிறார். சோழப் பெருமை பாடும் மெய்க்கீர்த்திகளில் இந்த வரியைத் தேடினாலும் கிடைக்காது. சுங்கச் சாவடியில் உட்கார்ந்திருந்த ஒரு மனிதன், வந்தவனை 'உன் நாடு எப்படி?' என்று கேட்டான், விடையை எழுதினான். அவ்வளவே வேறுபாடு.

அதே சுவான்சௌவில் தமிழரும் குடியிருந்தார்கள். 1281இல், குப்ளாய்கான் ஆண்ட நாளில், அங்கு ஒரு சிவன் கோயிலில் தமிழ்க் கல்வெட்டுப் பொறித்தார்கள். கல் இன்றும் இருக்கிறது. அங்கும் நம்மவர் எழுதியது கோயிலைப் பற்றியே, ஊரைப் பற்றியன்று.

அந்த ஊரைச் சுற்றிப் பார்த்து எழுதியிருந்தால் என்ன எழுதியிருக்கலாம்? நம் நாட்டைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு பரப்பு அந்நாடு: 96 லட்சம் சதுரக் கிலோமீட்டர். வடபால் மஞ்சள் ஆற்று நிலம். மழை குறைவு, குளிர் கடுமை, கோதுமையும் தினையும் உணவு. தென்பால் யாங்சி ஆறும் அதற்கப்பாலும்; மழையும் நெல்வயலும் படகுகளும். வடவன் மாவைத் தின்கிறான், தென்னவன் சோறு உண்கிறான்! பேச்சும் அப்படியே. சுவான்சௌக் கரையில் பேசும் மொழி வடக்கே உள்ளவனுக்கு விளங்காது. எழுதிக் காட்டினால் விளங்கும், ஏனெனில் எழுத்து ஒன்று. நம் 'தேயிலை'யில் உள்ள 'தே' அந்தத் தென்கடற்கரை மக்கள் வாய்ச்சொல்; கப்பலேறி வந்தது. வடநாட்டார் சொல்லும் 'சாய்' என்பதோ நிலவழியாகப் பாரசீகத்தைச் சுற்றி வந்தது. ஒரு கோப்பைப் பானத்துக்குள் இரண்டு நெடுவழிகள்! 'சீனர்' என்று ஒரே சொல்லால் நாம் குறிப்போரில், பெரும்பான்மையரான ஹான் மக்களோடு திபெத்தியர், உய்கர், மங்கோலியர், சுவாங் எனப் பலர் அடக்கம். அரசு ஏற்றுக்கொண்ட இனங்களே 56.

சூளைகளும் அப்படியே. வடக்கே காடழிந்த பகுதிகளில் சொங் காலத்திலேயே நிலக்கரி கொண்டு சுட்டார்கள். நெய்வேலிக் கரிக்கு அருகே வாழும் விருத்தாசலத்தார் இதைக் கேட்டு மகிழலாம். தெற்கே மலைச்சரிவில் பாம்பு போல் நீண்டேறும் சூளை, விறகு எரிபொருள். அச்சூளைகளில் வெந்த இலுங்சுவான் பச்சைக் கலங்கள் நம் கரைக்கு ஏராளமாக வந்தன. இராமநாதபுரம் கடற்கரையில் பெரியபட்டினத்தை அகழ்ந்தபோது பதின்மூன்று, பதினான்காம் நூற்றாண்டுச் சீனப் பீங்கான் ஓடுகள் குவியலாகக் கிடைத்தன. சோழர் தலைநகராம் கங்கைகொண்ட சோழபுரத்திலும் கிடைத்துள்ளன. இத்தனை கலங்களைக் கையில் ஏந்தியவர்களில் ஒருவரேனும் 'இது எப்படி வெளுத்தது? நம் சட்டி ஏன் சிவந்தது?' என்று கேட்டிருப்பார் அல்லவா? கேட்டிருப்பார் – குயவர் கேட்டிருப்பார். ஆனால் மண்ணைப் பிசைந்தவர் கையில் ஏடில்லை. ஏடு படித்தவர் மண்ணைத் தொட்டால் தீட்டு.

சீனத்தில் சொங் யிங்சிங் என்றொருவர். அரசுத் தேர்வில் பலமுறை தோற்ற படிப்பாளி. அவர் உழவு, உப்பு, துணி, தாள், இரும்பு, பீங்கான் என்று கைத்தொழில்களை நேரில் பார்த்து, படமும் போட்டு 1637இல் நூலாக்கினார். ஒரு கிண்ணம் முடியுமுன் 72 கைகள் மாறுகிறது என்று குறித்தார். அந்தக் கைகளைப் பக்கத்தில் நின்று கண்டவர் அவர். அங்கும் எல்லாம் பொன்னுலகமில்லை. அந்நூலைச் சீனரே பின்னர் மறந்தார்கள். சப்பானில் காப்பாற்றப்பட்ட படிகளிலிருந்துதான் இருபதாம் நூற்றாண்டில் மீட்டார்கள். செங் ஹோவின் பெருங்கப்பல்கள் 1433க்குப் பின் நின்றே போயின. அந்த செங் ஹோ இலங்கைக் காலியில் நாட்டச் செய்த 1409ஆம் ஆண்டுக் கல்லில் சீனமும் பாரசீகமும் தமிழும் உள்ளன. காணிக்கை தரவந்த அயலான் நம் மொழியை அறிந்து, எழுதுவோனை அமர்த்திக் கல்லில் வெட்டினான்.

பீங்கானின் மறைவை முதலில் நாடி எழுதியவன் ஐரோப்பியன். சிங்தெசென் நகரில் தங்கியிருந்த தாந்த்ரகோல் என்ற பிரெஞ்சுப் பாதிரி, 1712இலும் 1722இலும் அங்குள்ள முறையை விரிவாகக் கடிதமெழுதி அனுப்பினார். சமயம் பரப்பப் போனவர்தான்; கண்ணை மூடிக்கொண்டு போகவில்லை. அதற்கு முன்பே செருமனியில், பொன் செய்வேன் என்று ஏமாற்றி மன்னனிடம் சிறைப்பட்ட பெட்கர், பொன்னுக்குப் பதில் பீங்கானைச் செய்து காட்டினார். 1710இல் மைசன் நகரில் ஆலை எழுந்தது. வெள்ளையர் வழியே, பிறகு, அக்கலை நமக்கு வந்தது.

நாமோ? நாகப்பட்டினத்தில் 'சீனக் கோபுரம்' என்று ஐரோப்பிய மாலுமிகள் அழைத்த செங்கற் கோபுரம் ஒன்று நெடுங்காலம் நின்றது. அங்கு 1267இல் கட்டி முடித்ததாகச் சீன எழுத்துப் பொறித்திருந்ததை, பதினான்காம் நூற்றாண்டில் வந்த வாங் தாயுவான் என்ற பயணி குறித்துள்ளார். 1867இல், கல்லூரி கட்டவேண்டும் என்று கிறித்துவப் பாதிரிமார் கேட்க, ஆங்கில அரசு ஒப்ப, அது இடிக்கப்பட்டது. இடிக்கும்போது தடுத்த தமிழர் பெயர் ஒன்றுகூட நம் கண்ணில் படவில்லை.

மறுவாரம் அந்த இளைஞரை மீண்டும் கண்டோம். கையில் உலகப் படநூல் ஒன்றும் கொண்டுபோயிருந்தோம். "தம்பி, நீ கேட்டதற்கு விடை" என்று சியாங்சி மாநிலத்தில் விரல் வைத்தோம். சிங்தெசென் நகருக்கு அருகில் காவ்லிங் என்றொரு சிற்றூர். உயர்ந்த மேடு என்று பொருள். அந்த மேட்டிலிருந்து வெட்டிய வெண்களிமண்ணைப் பாதிரி தம் கடிதத்தில் ஊர்ப் பெயராலேயே எழுதினார். அதுவே ஐரோப்பியர் வாயில் 'கயோலின்' ஆகி, இன்று மண் மூட்டையின் மேல் அச்சாகிறது. நாட்டின் பெயரைச் சேர்த்துச் 'சீனாக் களிமண்' என்றோம் நாம்.

அவர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "எங்கள் சூளைத் தீயின் நிறத்தைப் பார்த்தே எத்தனை சூடு என்று சொல்லிவிடும் பெரியவர் ஒருவர் இங்கே இருக்கிறார். அவர் சொல்வதை நான் எழுதிக்கொள்ளலாமா?" என்று கேட்டார். நம் பையிலிருந்த குறிப்பேட்டின் எழுதாத பக்கங்களைக் கிழித்துக் கொடுத்தோம். முன்பக்கங்களில் இந்தக் கட்டுரைக்கான குறிப்புகள் இருந்தன.