வயலோரத்தில் ஒரு வீடு



‘குடி’ என்னும் சொல்லை உயர்தர வகுப்பிலே விளக்க நேரும்போதெல்லாம் நான் சற்று நிதானித்துப் போவதுண்டு. குடி என்றால் வீடு. குடி என்றால் குடும்பம். குடி என்றால் ஊர். உழுது பயிரிடுபவனுக்கோ குடியானவன் என்று பெயர். ஆங்கிலத்திலும் இதற்கு ஒப்பான சொல் வரலாறு ஒன்றுண்டு. இன்று கணவனைக் குறிக்கும் ‘ஹஸ்பண்ட்’ என்ற சொல் பழைய நோர்ஸ் மொழி வழியாக வந்தது. வீட்டுக்குரியவன் என்பதே அதன் முதற்பொருள். அதிலிருந்தே கமக்காரனுக்கு ‘ஹஸ்பண்ட்மன்’ என்றும், கமத்தொழிலுக்கு ‘ஹஸ்பண்ட்ரி’ என்றும் பெயர்கள் பிறந்தன. நிலத்தில் உழைப்பவனுக்கு அந்நிலத்தருகே வீடிருக்கும் என்பதை இரு மொழிகளும் இயல்பாகவே ஏற்றுக்கொண்டன. ஆனால் சட்டம் அவ்வாறு ஏற்றுக்கொண்டதா? இங்கிலாந்தின் கமத்தொழிலாளி ஒரு வீட்டுக்காக நடத்திய நீண்ட வழக்கை இன்று நோக்குவோம்.

முதலாம் எலிசபெத் அரசியின் காலத்திலே, 1589 ஆம் ஆண்டு, குடிசைகள் பற்றி ஒரு சட்டம் இயற்றப்பட்டது. நான்கு ஏக்கர் காணி சேராத குடிசை எதனையும் புதிதாகக் கட்டலாகாது. மீறிக் கட்டினால் 10 பவுண் தண்டம். ஒரு குடிசையில் ஒரு குடும்பத்துக்கு மேல் வாழவும் கூடாது. விதிவிலக்குகள் சில இருந்தன என்றாலும், கூலிக்கு உழைக்கும் காணியற்றவன் நான்கு ஏக்கருக்கு எங்கே போவான்? இச்சட்டம் 1775 ஆம் ஆண்டிலேயே நீக்கப்பட்டது.

நீங்கிய பின்னரும் நிலைமை சீராகவில்லை. ஏழைகளைப் பராமரிக்கும் செலவை அந்தந்தக் கோயிற்பற்றே வரியாகத் திரட்ட வேண்டியிருந்தது. 1662 ஆம் ஆண்டுச் சட்டம், எந்த ஏழை எந்தக் கோயிற்பற்றுக்கு உரியவன் என்பதை வரையறுத்தது. காணிச் சொந்தக்காரர் கணக்குப் போட்டனர். வீடில்லையேல் குடியில்லை, குடியில்லையேல் வரிச்சுமையும் இல்லை. ஆகவே ஒரே பிரபுவின் கையிலிருந்த கிராமங்கள் பலவற்றில் குடிசைகள் இடிக்கப்பட்டன. அல்லது விழுந்தவை மீண்டும் எழுப்பப்படவில்லை. தொழிலாளி அயற்கிராமத்து நெரிசலில் உறங்கி, விடியுமுன் மைல் கணக்கில் நடந்து வேலைக்கு வந்தான். அவனுடைய உழைப்பு வேண்டும். அவன் மட்டும் வேண்டாம். 1865 ஆம் ஆண்டுச் சட்டம் இச்செலவைப் பல கோயிற்பற்றுகள் சேர்ந்த ஒன்றியத்துக்கு மாற்றிய பின்னரே இடிப்பதற்கான தூண்டுதல் குறைந்தது.

வீடு கிடைத்தவனுக்கும் அது வேலையோடு பிணைந்த வீடாகவே இருந்தது. வேலை போனால் வீடும் போகும். 1872 ஆம் ஆண்டில் கமத்தொழிலாளரைச் சங்கமாகத் திரட்டிய ஜோசப் ஆர்ச் என்பவரை இங்கே நினைவுகூர வேண்டும். வொரிக்ஷயரின் பார்ஃபோர்ட் கிராமத்தில் அவர் குடியிருந்த வீடு அவர் குடும்பத்துக்கே சொந்தமானது. எந்த முதலாளியும் அவரைத் தெருவில் விட முடியாதிருந்தது. ஓர் இயக்கத்தின் துணிவு ஒரு சிறு வீட்டின் உறுதிப் பத்திரத்தில் வேர்விட்டிருந்தது என்றால் அது மிகையாகாது.

நாவலாசிரியர் தோமஸ் ஹார்டியும் இதனைக் கண்டவர். 1891 ஆம் ஆண்டு வெளிவந்த அவருடைய ‘டெஸ்’ நாவலிலே, தந்தை இறந்ததும் குடும்பம் வீட்டை இழக்கின்றது. குத்தகை அவருடைய ஆயுளோடு முடிந்துவிட்டது. கமக்காரருக்கோ அவ்வீடு தம் தொழிலாளருக்குத் தேவைப்பட்டது. டெஸ்ஸின் வீழ்ச்சியைக் காதற் கதையாக மாத்திரம் படிப்போர் இந்த வீட்டுக் கதையைத் தவறவிடுகின்றனர் என்பது என் கருத்து.

இருபதாம் நூற்றாண்டில் வேறொரு நியாயம் எழுந்தது. மோட்டார் வாகனங்கள் பெருக, நெடுஞ்சாலைகளின் இருமருங்கிலும் வீடுகள் வரிசையாக முளைத்து வயல்களை விழுங்கின. இதனைத் தடுக்க 1935 இல் ஒரு சட்டமும், இலண்டனைச் சூழ்ந்த பசுமை வலயத்துக்காக 1938 இல் மற்றொரு சட்டமும் வந்தன. 1947 ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடற் சட்டம் எல்லாவற்றுக்கும் மேலாக அமைந்தது. சொந்தக் காணியாயினும் அனுமதியின்றிக் கட்டலாகாது என்ற நிலை உருவானது. 1955 இல் அமைச்சர் டன்கன் சாண்டிஸ் ஏனைய நகரங்களைச் சுற்றியும் பசுமை வலயம் அமைக்கும்படி சுற்றறிக்கை விடுத்தார். இன்று இங்கிலாந்தின் நிலத்தில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு இவ்வலயத்தில் அடங்கும். அந்தப் பச்சை வயல்கள் எஞ்சியிருப்பது இச்சட்டங்களால்தான் என்பதை மறுத்தல் நேர்மையாகாது.

ஆயினும் அவ்வயலைப் பேணுபவன் எங்கே உறங்குவது? பாதுகாக்கப்பட்ட நாட்டுப்புறத்தில் வீடு கட்டத் தடை. கமத்தொழிலாளிக்கு மட்டும் ஒரு சிறு வாயில். 2004 ஆம் ஆண்டு அரசு வெளியிட்ட வழிகாட்டல் அவ்வாயிலின் அளவைத் துல்லியமாகச் சொன்னது. முதலாவது, தேவைச் சோதனை: இரவும் பகலும் ஒருவர் அருகில் இருந்தே ஆக வேண்டும். நள்ளிரவில் கன்று ஈனும் பசு இதற்கு நல்ல சாட்சி. இரண்டாவது, வருமானச் சோதனை: கமம் குறைந்தது மூன்று ஆண்டுகள் நடந்திருக்க வேண்டும், அவற்றில் ஓராண்டேனும் இலாபம் கண்டிருக்க வேண்டும். புதிய கமமாயின், முதல் மூன்று ஆண்டுகள் நகரும் வண்டி வீட்டிலோ, எளிதிற் பிரிக்கத்தக்க மரக் கொட்டிலிலோ வாழ்ந்து காட்ட வேண்டும். கமத்தின் தேவையே கணக்கில் எடுக்கப்படும். மனிதரின் விருப்பமோ சொந்தச் சூழ்நிலையோ அல்ல என்றும் அது கூறியது. 2012 இல் அவ்வழிகாட்டல் நீக்கப்பட்டுச் சுருக்கமான கொள்கை வந்தபோதும், இன்றியமையாத தேவையை நிறுவ வேண்டும் என்ற அடிப்படை மாறவில்லை.

பசுமை வலயத்திலோ விதி இன்னும் இறுக்கமானது. மாட்டுக் கொட்டில் அங்கே பொருத்தமான கட்டடம். மாட்டைப் பார்ப்பவனின் வீடு பொதுவாகப் பொருத்தமற்றது. அதற்கு மிகச் சிறப்பான காரணம் காட்ட வேண்டும். அனுமதி கிடைத்தாலும், கமத்தில் அல்லது காட்டுத்தொழிலில் வேலை செய்பவரோ, கடைசியாக அவ்வேலை செய்தவரோ, அவரைச் சார்ந்தோரோ மாத்திரமே அங்கு வசிக்கலாம் என்ற நிபந்தனை தொடரும். இது காரணமின்றி வந்ததன்று. தொழிலாளிக்கென்று அனுமதி பெற்றுக் கட்டிய வீட்டை நகரத்துச் செல்வந்தருக்கு விற்கும் தந்திரத்தைத் தடுக்கவே வந்தது.

வேலையோடு பிணைந்த வீட்டின் கொடுமையை 1976 ஆம் ஆண்டுச் சட்டம் ஓரளவு தணித்தது. தொழிலாளிக்கு வாடகைப் பாதுகாப்பு வந்தது. கமக்காரருக்கு அவ்வீடு வேறொரு தொழிலாளிக்காகத் தேவைப்பட்டால், இருந்தவருக்கு மாற்று வீடு தேடித்தரும் பொறுப்பு உள்ளூராட்சி மன்றத்தைச் சார்ந்தது.

மலையகத்து நேயர்களுக்கு இக்கதை அந்நியமாகத் தோன்றாது. அதே பிரித்தானியரின் தோட்டங்களிலேதான் லயக் காம்பிராக்கள் எழுந்தன. அங்கும் பெயர்ப்பதிவோடு வீடு வந்தது, வேலையோடு வீடு நின்றது. ஏழு பேர்ச் காணியில் தனிவீடு என்ற திட்டம் தொடங்கிய பின்பும் லயங்களில் வாழ்வோர் பலர்.

நாட்டுப்புறத்தின் அழகைக் காக்கும் சட்டம் வேண்டியதே. ஆனால் 1589 இல் நான்கு ஏக்கர் கேட்ட சட்டமும், பிற்காலத்தில் மூன்றாண்டு இலாபக் கணக்குக் கேட்ட விதியும் ஓரிடத்தில் ஒத்துப்போகின்றன. வயலில் உழைப்பவன் அங்கே வாழ்வதற்குத் தன் உழைப்பு மட்டும் போதாது என்பதே அவ்விடம். பசுவின் தேவை நிரூபிக்கப்பட்டால் வீடு கிடைக்கலாம்; மனிதனின் தேவையை அந்தத் தராசில் வைப்பதற்குத் தட்டில்லை. பசுமையைப் பேணும் கையையும் பசுமையின் ஒரு பகுதியாக எண்ணும் சட்டமே நிறைவான சட்டமாகும்.