கையை விடாத மாணவி

ஐயப்பன்தாங்கல் பஸ் டிப்போ பக்கத்துல இருக்கிற எங்க வீட்டு மாடியில உட்கார்ந்துதான் இந்த எபிசோடைப் பேசுறேன். காலையில மெயின் ரோட்டுல நர்சிங் மாணவிகள் பஸ்ஸுக்கு நிப்பாங்க. அவங்களைப் பார்த்தாலே அம்மா சொன்ன ஒரு விஷயம் ஞாபகம் வரும்.

நான் பிறந்த ராத்திரி லேபர் வார்டுல "கத்தாதே"ன்னு அதட்டு வாங்கினாங்களாம் அம்மா. பயிற்சிக்கு வந்த ஒரு சின்னப் பொண்ணு மட்டும் விடியுற வரைக்கும் கையை விடலையாம். டாக்டர் யாருன்னு அம்மாவுக்கு நினைவில்லை. அந்தக் கை ஜில்லுன்னு இருந்தது மட்டும் இன்னும் நினைவிருக்கு.

அந்தப் பொண்ணுக்கு அதை யார் சொல்லிக்கொடுத்தாங்க? இந்தக் கேள்விக்காகத்தான் கொஞ்சம் பின்னாடி போகணும்.

சென்னையில பிரசவத்துக்குன்னே தனி ஆஸ்பத்திரி 1844ல வந்தது. இன்னைக்கு நாம எழும்பூர் பிள்ளைப்பேறு ஆஸ்பத்திரின்னு சொல்றது அதுதான். பத்து வருஷம் கழிச்சு, 1854ல, மருத்துவச்சிகளுக்கு முறையான பயிற்சி ஆரம்பிச்சது. அதுக்கு முன்னாடி ஊர் மருத்துவச்சிதான் எல்லாம். வீட்டுக்கு வந்து, இடுப்பைத் தேய்ச்சு விட்டு, வலி நிக்கிற வரைக்கும் கூடவே இருப்பாங்க. அதை ரொம்ப உயர்த்திப் பேசவும் எனக்கு மனசில்லை. சுத்தமில்லாத கத்தியில தொப்புள்கொடி அறுத்து, ஜன்னி கண்டு போன குழந்தைகள் ஏராளம்.

அதனால பயிற்சியில முதல் பாடம் சுத்தம். நியாயம்தான். 1847ல வியன்னாவுல செம்மல்வைஸ் கண்டுபிடிச்சதும் அதைத்தானே! அங்க மருத்துவ மாணவர்கள் பார்த்த வார்டுல தாய்மார் அதிகம் செத்தாங்க, மருத்துவச்சி மாணவிகள் பார்த்த வார்டுல குறைவு. பிணத்தை அறுத்த கையோட மாணவர்கள் பிரசவம் பார்த்ததுதான் காரணம்.

ஆனா கை கழுவக் கத்துக்கொடுத்த அளவுக்கு, கையைப் பிடிக்கக் கத்துக்கொடுத்தாங்களா?

மேரி ஷார்லீப் கதை இங்க முக்கியம். ஒரு வக்கீலோட மனைவியா 1866ல சென்னைக்கு வந்தவங்க. ஆண் டாக்டர் முன்னாடி வர முடியாம பெண்கள் சிகிச்சையே இல்லாம சாகிறதைக் கேள்விப்பட்டு, எழும்பூர்லயே பிரசவப் பயிற்சி எடுத்தாங்க. அது போதலை. 1875ல மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ்ல சேர்ந்த நாலு பெண்கள்ல இவங்களும் ஒருத்தர். 1885ல அவங்க முயற்சியில வந்த ஆஸ்பத்திரியைத்தான் திருவல்லிக்கேணிக்காரங்க இன்னும் கோஷா ஆஸ்பத்திரின்னு சொல்றாங்க. பெண்களோட கூச்சத்தையும் பயத்தையும் மதிச்சுக் கட்டின இடம் அது. இரக்கம்னா கனிவாப் பேசுறது மட்டும் இல்லை, கதவை யாருக்காகத் திறந்து வைக்கிறோம்ங்கிறதும்தான்.

பிறகு பிரசவங்கள் எல்லாம் ஆஸ்பத்திரிக்கு வந்துச்சு. உயிர்கள் பிழைச்சுது. ஆனா அம்மாவும் அக்காவும் வார்டுக்கு வெளியே பெஞ்சுல உட்கார்ந்துட்டாங்க. 2004 வாக்குல தமிழ்நாடு அரசுதான் பிரசவத் துணைன்னு ஒரு பெண் உறவினரை மறுபடி உள்ளே விட ஆரம்பிச்சது. மத்திய அரசு 2016ல சொன்னது. கண்ணியமான பராமரிப்பும் விருப்பப்பட்ட துணையும் வேணும்னு உலக சுகாதார நிறுவனம் 2018ல பரிந்துரை எழுதினது. கிராமத்து மருத்துவச்சி இதைச் சும்மா செஞ்சுட்டு இருந்தாங்க!

பக்கத்து வீட்டுப் பொண்ணு நர்சிங் மூணாவது வருஷம். ரெகார்டு நோட்டைக் காட்டினா. எத்தனை பிரசவம் பார்த்தா, எத்தனை தையல், எல்லாத்துக்கும் கட்டம் இருக்கு. "கூட உட்கார்ந்த நேரத்துக்கு?"ன்னு கேட்டேன்.

"அதுக்குக் கட்டம் இல்லண்ணா. ஆனா எங்க மேடம் உட்காருவாங்க. அவங்களைப் பார்த்துதான் நாங்களும் உட்கார்றோம்"ன்னா.

அன்னைக்கு அவளுக்கு நைட் டூட்டி. டிபன் பாக்ஸை எடுத்துக்கிட்டு பஸ்ஸுக்கு ஓடிட்டா.