யார் எழுதிய பாட்டு, யார் பாடிய பாட்டு

ஜப்பானின் வெகுசன இசை வரலாற்றைப் பள்ளிச் சிறுமிகளைத் தவிர்த்துவிட்டு எழுத முடியாது. 1970களில் மேடையேறிப் பாடியவர்களில் பலர் சிறுமிகள். தொலைக்காட்சி முன் அமர்ந்து அப்பாடல்களை மனப்பாடம் செய்தவர்களும் சிறுமிகள். எழுதியவர்கள் மட்டும் பெரும்பாலும் வயதுவந்த ஆண்கள். எழுதிய கைக்கும் பாடிய வாய்க்கும் இடையே என்ன நடந்தது என்பதே இங்கு என் கேள்வி.

1971 இல் நிப்பான் தொலைக்காட்சி ‘ஸ்டார் தன்ஜோ!’ என்ற போட்டி நிகழ்ச்சியைத் தொடங்கியது. ‘நட்சத்திரம் பிறந்தது’ என்று பொருள். இறுதிச் சுற்றில் தேறிய பிள்ளைகள் மேடையில் நிற்பார்கள். எதிரே இசைத்தட்டு நிறுவனங்களின் ஆட்கள் அமர்ந்திருப்பார்கள். ஒரு சிறுமியை விரும்பும் நிறுவனம் தன் பெயர் எழுதிய அட்டையை உயர்த்திக் காட்டும். இதை ஏலம் என்று சொல்வது மிகையல்ல. அங்கிருந்து வந்த மோரி மசாகோ, சகுராதா ஜுன்கோ, யமாகுச்சி மொமோஎ மூவரும் 1973 இல் நடுநிலைப் பள்ளியின் கடைசி ஆண்டில் படித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் படித்த வகுப்பே மூவர் அணியின் பெயராயிற்று. அவர்கள் அடுத்த வகுப்புக்குப் போகப்போக அந்தப் பெயரும் மாறியது. பள்ளிப் பருவமே விற்பனைக்கான முத்திரையானது.

மொமோஎ முதல் இசைத்தட்டை வெளியிட்டபோது வயது 14. அதே ஆண்டில் வந்த ‘அஓய் கஜித்சு’, அடுத்த ஆண்டில் வந்த ‘ஹிதோ நத்சு நோ கெய்கென்’ ஆகிய பாடல்கள் காதலனிடம் தன்னை ஒப்படைக்கும் பெண்ணின் குரலில் அமைந்தவை. இரண்டையும் எழுதியவர் செங்கே கஸுயா என்ற ஆண். இரண்டாவது பாடலில், தன்னிடமுள்ள மிக அரிய ஒன்றைத் தருவதாகப் பெண் சொல்கிறாள். அது என்ன என்று செய்தியாளர்கள் அந்த 15 வயதுப் பெண்ணிடம் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அவர் சொன்ன பதில்: ‘மகொகொரோ’. களங்கமற்ற உண்மையான மனம் என்பது அதன் பொருள். இந்தப் பதிலைச் சாமர்த்தியம் என்று ரசித்துவிட்டுக் கடந்துபோக என்னால் முடியவில்லை. எழுதியவரிடம் கேட்க வேண்டிய கேள்வியை ஏன் பாடிய சிறுமியிடம் கேட்டார்கள்? சொல் ஆணுடையது, அதற்குக் கணக்குச் சொல்ல வேண்டியவள் பெண் என்ற ஏற்பாடு நமக்கும் புதிதல்லவே.

1976 இல் ஒரு திருப்பம் வந்தது. ‘யோகொசுகா ஸ்டோரி’ பாடலிலிருந்து மொமோஎவுக்கு எழுதத் தொடங்கியவர் அகி யோகோ என்ற பெண். இசை, அவருடைய கணவர் உஸாகி ரியுதோ. அமெரிக்கக் கடற்படைத் தளம் உள்ள யோகொசுகாவில்தான் மொமோஎ வளர்ந்தார், தாய்தான் வளர்த்தார். அவர் வளர்ந்த ஊரே பாட்டின் தலைப்பில் வந்து அமர்ந்தது. 1978 இல் வந்த ‘பிளேபேக் பார்ட் 2’ இல் பெண் தனியாகக் கார் ஓட்டிப் போகிறாள். வழியில் வம்புக்கு வரும் ஆணுக்குப் பதிலடி கொடுக்கிறாள். ஒப்படைக்கும் பெண் ஐந்தே ஆண்டில் எதிர்த்துப் பேசும் பெண்ணாகிவிட்டாள். 1980 இல் மொமோஎ ‘அஓய் தொகி’ என்ற தன்வரலாற்றை வெளியிட்டார். தன் பிறப்பு, பாலியல், திருமணம் பற்றித் தானே எழுதினார். பத்து லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்ற அந்த நூலில்தான் சொல்லும் குரலும் ஒருவருடையதாயின. அதே ஆண்டு அக்டோபரில், 21 வயதில், திருமணத்துக்காக மேடையை விட்டு விலகினார். திருமணமானதும் வேலையை விடுவதற்கு ‘கொதொபுகி தைஷா’ என்று தனிப் பெயரே வைத்திருந்த சமூகம் அது. அந்த விலகலை வெறும் பணிதல் என்றோ வெறும் சுதந்திரம் என்றோ நான் சொல்ல மாட்டேன்.

கேட்ட சிறுமிகள் என்ன செய்தார்கள்? 1976 இல் அறிமுகமான ‘பிங்க் லேடி’ இணையைப் பாருங்கள். மியே, கேய் என்ற இரு இளம்பெண்கள், குட்டைப் பாவாடை, ஒவ்வொரு பாட்டுக்கும் தனி ஆட்டம். ஆண் பார்வைக்காகவே அமைந்த உடைதான் அது. ஆனால் நாடெங்கும் அந்த ஆட்டத்தைக் கற்றுக்கொண்டு ஆடியவர்கள் தொடக்கப் பள்ளிச் சிறுமிகள். 1977 இறுதியில் வந்த ‘யூஎஃப்ஓ’ பாடலில் வேற்றுக்கிரகவாசியைக் காதலிக்கும் பெண், பூமியின் ஆண்கள் சலித்துப்போய்விட்டார்கள் என்கிறாள். அதை எழுதியவரும் அகு யூ என்ற ஆண்தான். ஆனாலும் எட்டு வயதுப் பெண்பிள்ளைகள் தோழிகளோடு கைகோத்து ஆடியபடி அதைச் சொன்னபோது, அது எழுதியவரின் கையை விட்டுப் போய்விட்டது என்றே நான் கருதுகிறேன்.

இதை மட்டும் சொல்லி நிறைவடைய முடியாது. 1985 மே மாதம் ஜப்பானிய நாடாளுமன்றம் வேலைவாய்ப்பில் ஆண்-பெண் சம வாய்ப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. ஆள்சேர்ப்பிலும் பதவி உயர்விலும் சமமாக நடத்த நிறுவனங்கள் முயல வேண்டும் என்றது; மீறினால் தண்டனை இல்லை. அடுத்த சில வாரங்களில், ஜூலையில், உயர்நிலைப் பள்ளி மாணவிகளை வரிசை எண் கொடுத்துச் சேர்த்திருந்த ‘ஒன்யான்கோ கிளப்’ தன் முதல் பாடலை வெளியிட்டது. மாணவிகளின் மாலுமிச் சீருடையைக் கழற்றாதே என்பது அதன் தலைப்பு. பாலியல் ஆவலைப் பேசும் அந்தச் சொற்களை எழுதியவர் அகிமோட்டோ யசுஷி. புகை பிடித்தது வெளியே தெரிந்ததற்காகக் குழுவின் சில பெண்கள் அதே ஆண்டு நீக்கப்பட்டார்கள். பாலியல் ஆவலைப் பாடலாம், சிகரெட்டைத் தொடக்கூடாது. முன்னது விற்பனைச் சரக்கு; பின்னது பெண்ணின் சொந்த விருப்பம்.

பழைய பாடகிகளும் வளர்ந்தார்கள். 1972 இல் ஜப்பானில் அறிமுகமான ஹாங்காங் பாடகி ஆக்னஸ் சான், 1987 இல் தன் கைக்குழந்தையைப் படப்பிடிப்புக் கூடத்துக்குத் தூக்கி வந்தார். பெரும் விவாதம் எழுந்தது. எழுத்தாளர் ஹயாஷி மரிகோ கண்டித்தார். பெண்ணியச் சமூகவியலாளர் உஎனோ சிஸுகோ, பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்கு வரும் ஆண்களை யாரும் கேள்வி கேட்பதில்லையே என்ற கோணத்திலிருந்து சானின் பக்கம் நின்றார். சிறுமியாக விற்கப்பட்டவள் தாயாகி வேலைக்கு வந்தபோது, அவளுக்கு அங்கே இடம் உண்டா என்பதே கேள்வியானது.

பாடலாசிரியரின் பெயர் இசைத்தட்டின் உறையில் இருக்கிறது. உரிமைத்தொகையும் அவருக்குப் போகிறது. பள்ளித் தாழ்வாரத்தில் ஆடிய சிறுமியின் பெயர் எந்த ஆவணத்திலும் இல்லை. அவள் இன்று ஐம்பதுகளில் இருப்பாள். அவளிடம் கேட்டு எழுதப்படும் நாளில்தான் இந்த வரலாற்றின் மறுபாதி கிடைக்கும்.