கடலில்லா ஊரும் கடற்போரும்

சேலம் மாவட்டத்தின் கெங்கவல்லி வட்டத்தில், கொல்லிமலைக்கும் பச்சைமலைக்கும் இடையே அமைந்த தம்மம்பட்டி, தெய்வ உருவங்களையும் கோயில் வாகனங்களையும் மரத்தில் செதுக்கும் சிற்பிகளால் பெயர்பெற்ற ஊராகும். அதற்கு மிக அருகிலுள்ள கடற்கரையே 100 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. இத்தகைய உள்நாட்டு ஊர்களுக்குக் கடற்போர் எவ்வழியாக வந்து சேர்ந்தது என்பது விரிவாக ஆராயத்தக்க பொருளாகும். 1914 செப்டம்பர் 22 இரவில் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்த ஜெர்மானியப் போர்க்கப்பலின் பெயர், அக்கப்பலைக் கண்டறியாதோர் நாவிலும் ‘எம்டன்’ என்று துணிச்சல்காரரைக் குறிக்கும் சொல்லாகத் தங்கிவிட்டது.

இரண்டாம் உலகப்போர் விட்டுச்சென்றது வெறும் சொல் அன்று. 1942 மார்ச் 8 அன்று இரங்கூன் ஜப்பானியர் வசமானதும், சென்னை மாகாணம் நம்பியிருந்த பர்மா அரிசியின் வரத்து நின்று போனது. ஏப்ரல் 5 அன்று கொழும்பும், 6 அன்று விசாகப்பட்டினமும், 9 அன்று திருகோணமலையும் தாக்கப்பட்டன. விமானங்களை ஏற்றிச்சென்று கடல் நடுவிலிருந்தே பறக்கவிடும் விமானந்தாங்கிக் கப்பல்களில், தொடக்கத்திலிருந்தே அப்பணிக்கென வடிவமைக்கப்பட்ட முதல் கப்பலான பிரிட்டனின் ‘ஹெர்மிஸ்’, அந்த 9ஆம் நாளிலேயே மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டது. சென்னை மக்கள் பெருந்திரளாக நகரைவிட்டு வெளியேறி உள்நாட்டு ஊர்களை நாடினர். கடலோரம் காலியானதையும் அரிசி அரிதானதையும் சேர்த்து நோக்கினால், வங்கக் கடலின் போர் சமவெளியின் அடுப்படிவரை எட்டியது என்பது புலனாகும். ஆயினும் அன்றைய கடல், தமிழருக்கு அச்சத்தின் திசையாக மட்டுமே இருந்தது.

அந்த அச்சம் தணிந்து எட்டாண்டுகளில், அதே கடல் வாரந்தோறும் ஆவலுடன் காத்திருக்கும் பொருளாயிற்று. 1950 முதல் 1954 வரை ‘கல்கி’ இதழில் தொடராக வந்த, எழுத்தாளர் கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ நாவல், இடி விழுந்து எரியும் கப்பலையும், சுழற்காற்றில் சிக்கியோரைத் தன் படகில் மீட்கும் கோடிக்கரைப் பூங்குழலியையும் வாசகர்முன் நிறுத்தியது. கதைமாந்தர் அலைக்கழிந்த பாக் நீரிணையை, அத்தொடர் நிறைவுற்ற 1954ஆம் ஆண்டிலேயே யாழ்ப்பாணத்துத் தமிழரான நவரத்தினசாமி வல்வெட்டித்துறையிலிருந்து மெய்யாகவே நீந்திக் கடந்து கோடிக்கரையை அடைந்தார் என்பது வியக்கத்தக்க ஒற்றுமை. 1966 ஏப்ரலில் நீச்சல் வீரர் மிஹிர் சென் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்தியபோது இந்தியக் கடற்படைக் கப்பல்கள் உடன் சென்றன. முந்தைய பெரும்போரில் அழிவின் கருவியாக மட்டும் அறியப்பட்ட போர்க்கப்பல், இங்கு ஒரு மனிதனின் உயிருக்குக் காவலாக நின்றது.

கல்கியின் கடல் புயலும் படகும் கொண்டதெனில், நாவலாசிரியர் சாண்டில்யனின் கடல் முழுமையாகப் போர்க்களமே. ‘குமுதம்’ இதழில் 1960களில் தொடராக வெளிவந்து பின்னர் மூன்று பாகங்களாக நூலுருப்பெற்ற ‘கடல் புறா’, ஒரு கப்பலின் பெயரையே தலைப்பாகக் கொண்டு, கலத்தின் அமைப்பு, பாய்களைக் கையாளும் முறை, எதிரிக் கலத்தை வளைக்கும் உத்தி ஆகியவற்றைக் கதையின் உயிர்நாடியாக்கியது. அதன் நாயகனான கருணாகரத் தொண்டைமான், வரலாற்றில் முதற்குலோத்துங்கனின் கலிங்கப் படையெடுப்பை நடத்திய தளபதி; அப்படையெடுப்போ நிலப்போர். சோழரின் உண்மையான பெருங்கடற்படையெடுப்பு ஏறத்தாழ 1025இல் முதலாம் இராசேந்திரன் காலத்தில் நிகழ்ந்தது. அதனைப் போற்றும் மெய்க்கீர்த்தி, அதாவது கல்வெட்டின் தொடக்கத்தில் அரசனின் வெற்றிகளைக் கூறும் பகுதி, கடாரம் உள்ளிட்ட ஊர்களை வரிசையாகச் சொல்கிறதே தவிர, கலங்கள் எம்மரத்தால் எவ்வாறு கட்டப்பட்டன என்பதைக் கூறவில்லை. மரத்தின் வயிரமும் இழையும் அறிந்த தம்மம்பட்டிச் சிற்பியர் போன்றோர்க்கு முதலில் எழக்கூடிய அக்கேள்விக்கு, கல்வெட்டு விட்ட இடத்தில் நாவலாசிரியரின் கற்பனையே விடை தந்தது.